கூட்டல் இலவசம், பெருக்கலுக்குத்தான் விலை

சில பேர் ஆளுக்கொரு ரகசிய எண் வைத்திருக்கிறார்கள். எண்ணை யாரிடமும் காட்டக்கூடாது, ஆனால் எல்லா எண்களையும் வைத்து ஒரு கணக்குப் போட்டு விடையை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். இதற்கு இரண்டு பரம்பரைகள் உண்டு. யாவோ 1982இல் தொடங்கி, 1987இல் கோல்ட்ரைக், மிக்காலி, விக்டர்சன் மூவரும் விரித்த வழி, ஏதோ ஒரு கணிதச் சிக்கலை எதிராளியின் கணினியால் அவிழ்க்க முடியாது என்ற அனுமானத்தில் நிற்கிறது. இரண்டாவது வழியை 1988இல் ஒரே மாநாட்டில் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கொண்டுவந்தன: பென்-ஓர், கோல்ட்வாசர், விக்டர்சன் ஒன்று, சௌம், க்ரெப்போ, டாம்கோர் மற்றொன்று. இதில் எதிராளிக்கு எவ்வளவு பெரிய கணினி கொடுத்தாலும், க்வாண்டம் கணினியே கொடுத்தாலும் பயனில்லை. அவன் கையில் இருக்கும் எண்களுக்குள் ரகசியம் இல்லவே இல்லை. தகவல் கோட்பாட்டுப் பாதுகாப்பு என்பது இதுதான்.

இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தேற்றங்களை மனப்பாடம் செய்துவிட்டு, பாதுகாப்பு எந்த வரியிலிருந்து வருகிறது என்பதைப் பார்ப்பதில்லை. அந்த வரி ஒரு எண்ணிக்கை, அவ்வளவுதான். சின்ன எண்களில் போட்டுப் பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

மட்டு 13இல் வேலை செய்வோம். எந்த விடை வந்தாலும் 13ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்கிறோம். மூன்று சர்வர்கள். ரகசியம் 3. 0 முதல் 12 வரை ஏதோ ஒரு சாய்வைச் சமவாய்ப்பில் எடுக்கிறோம். 2 வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 3இல் தொடங்கி ஒவ்வொரு படிக்கும் 2 ஏறும் நேர்கோடு: முதல் சர்வருக்கு 5, இரண்டாவதுக்கு 7, மூன்றாவதுக்கு 9. ஷமீர் 1979இல் தந்த ரகசியப் பங்கீடு இதுதான். இரண்டாவது சர்வர் தன் 7ஐ வைத்து என்ன செய்ய முடியும்? ரகசியம் 0 என்றால் சாய்வு 10 ஆக இருந்திருக்கும். 12 என்றால் சாய்வு 4. நடுவில் உள்ள எந்த எண்ணை எடுத்தாலும் அதற்குச் சரியாக ஒரே ஒரு சாய்வு பொருந்தும். பதின்மூன்று சாய்வுகளும் சம நிகழ்தகவு உள்ளவை, ஆகவே பதின்மூன்று ரகசியங்களும் அவருக்கு முன்பு எப்படியோ அப்படியே இருக்கின்றன. நிரூபணம் இவ்வளவே.

எண்ணிக்கையில் நிற்பதால், எண்ணிக்கை கொஞ்சம் பிசகினாலும் பாதுகாப்பும் அதே அளவு பிசகும். அடிக்கடி பார்க்கும் பிழை: சாய்வு பூஜ்யமாக வந்தால் பங்கும் ரகசியமும் ஒரே எண்ணாகிவிடுமே என்று பதறி, நிரலில் பூஜ்யத்தை ஒதுக்கிவிடுவது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படிச் செய்த கணமே 7 வைத்திருப்பவருக்கு ரகசியம் 7 அல்ல என்று தெரிந்துவிட்டது. ரகசியம் ஓட்டு மாதிரி 0 அல்லது 1 என்றால் இன்னும் மோசம்: கையில் 1 வந்த சர்வருக்கு ஓட்டு 0 என்பது உறுதி. பூஜ்யச் சாய்வு வரத்தான் வேண்டும். அது வரக்கூடும் என்பதுதான் மற்றவற்றைக் காப்பாற்றுகிறது. இன்னொரு பிழை, ஒரு பைட் சமவாய்ப்பு எண்ணை எடுத்து 13ஆல் வகுத்து மீதியை அப்படியே பயன்படுத்துவது. 256 என்பது 13இன் மடங்கல்ல. 0 முதல் 8 வரை ஒவ்வொன்றும் 20 தடவை வரும், 9 முதல் 12 வரை 19 தடவைதான். 247 அல்லது அதற்கு மேல் வந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு பைட் எடுக்க வேண்டும். சர்வர்களுக்கு 1, 2, 3 என்று புள்ளி கொடுப்பதை நிரலாளர்கள் 0, 1, 2 என்று தொடங்கிவிடுவதும் உண்டு. அப்போது முதல் சர்வருக்குப் போவது பங்கல்ல, ரகசியமே!

சரி, கணக்குக்கு வருவோம். இரண்டாவது ரகசியம் 4, சாய்வு 5. பங்குகள் 9, 1, 6. கூட்டல் வேண்டுமா? ஒவ்வொரு சர்வரும் தன் இரண்டு பங்குகளைக் கூட்டினால் போதும்: 1, 8, 2. இது 7இல் தொடங்கி 7 சாய்வுள்ள கோடு, ரகசியம் 7. யாரும் யாரோடும் பேசவில்லை. மாறிலியால் பெருக்குவதும் இப்படியே.

பெருக்கலில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. தன் இரண்டு பங்குகளை ஒவ்வொருவரும் பெருக்கினால் 6, 7, 2 வரும். இவை ஒரு பல்லுறுப்புக் கோவையின் மதிப்புகள்தான், அதன் மாறிலி உறுப்பு 12, அதாவது 3 பெருக்கல் 4. ஆனால் இரண்டு நேர்கோடுகளைப் பெருக்கினால் வருவது இரண்டாம் படிக் கோவை. அதைத் தீர்மானிக்க மூன்று புள்ளிகள் வேண்டும். இன்னொரு பெருக்கல் செய்தால் படி இன்னும் ஏறும், மூன்று பேர் போதமாட்டார்கள். பொதுவாகச் சொன்னால், மொத்தம் ந பேர், அதில் கூடிச்சேர்ந்து எட்டிப் பார்க்கும் ஒற்றர்கள் அதிகபட்சம் த பேர் என்றால், பங்கீட்டுக் கோவையின் படி த, பெருக்கிய கோவையின் படி 2த. ஆகவே ந குறைந்தது 2த + 1 ஆக இருக்க வேண்டும். நேர்மையாளர்கள் பெரும்பான்மை என்ற நிபந்தனை இங்கிருந்துதான் வருகிறது.

படியைக் குறைக்கும் எளிய வழியை ஜெனாரோ, மைக்கேல் ராபின், தால் ராபின் மூவரும் 1998இல் தந்தார்கள். 1, 2, 3 என்ற புள்ளிகளிலிருந்து மாறிலி உறுப்பைப் பெற லக்ராஞ்சு கெழுக்கள் 3, −3, 1. சரிபார்த்துக்கொள்ளுங்கள்: 18 − 21 + 2 = −1, மட்டு 13இல் அது 12. இப்போது ஒவ்வொரு சர்வரும் தன் பெருக்குத்தொகையையே ஒரு புது ரகசியமாக எண்ணி மற்றவர்களுக்குப் பங்கிடுகிறது. முதல் சர்வர் 6ஐச் சாய்வு 4உடன்: 10, 1, 5. இரண்டாவது 7ஐச் சாய்வு 9உடன்: 3, 12, 8. மூன்றாவது 2ஐச் சாய்வு 6உடன்: 8, 1, 7. வந்த மூன்று எண்களையும் அதே 3, −3, 1 கெழுக்களால் ஒவ்வொருவரும் கூட்டுகிறார்கள். முதல் சர்வருக்கு 30 − 9 + 8 = 29, அதாவது 3. இரண்டாவதுக்கு 7, மூன்றாவதுக்கு 11. இது 12இல் தொடங்கி 4 சாய்வுள்ள நேர்கோடு. படி ஒன்றுக்கு இறங்கிவிட்டது, ரகசியம் 12 அப்படியே இருக்கிறது. விலை: ஒரு பெருக்கலுக்கு ஆறு செய்திகள், ஒரு சுற்று.

இங்கே பலர் குறுக்கு வழி தேடுவார்கள். "கணக்கில் ஒரே ஒரு பெருக்கல்தான், அதுவும் கடைசியில். விடை 12 எப்படியும் வெளியே சொல்லப் போவதுதான். 6, 7, 2 மூன்றையும் நேரடியாக வெளியிட்டுவிட்டால் ஒரு சுற்று மிச்சம்தானே?" கூடாது. ஏன் என்று பார்க்க முதல் சர்வர் இடத்தில் உட்காருங்கள். மூன்று மதிப்புகளிலிருந்து முழுக் கோவையும் கிடைத்துவிடும். அது சமவாய்ப்பில் எடுத்த இரண்டாம் படிக் கோவை அல்ல. இரண்டு நேர்கோடுகளின் பெருக்கம், எனவே காரணிப்படுத்தலாம். அதன் மூலங்கள் 5, 7. முதல் ரகசியத்தின் கோடு இரண்டில் ஒரு மூலத்தில்தான் பூஜ்யமாகும். தன் கையில் உள்ள பங்கு 5ஐ வைத்துப் பார்த்தால், மூலம் 5 என்றால் ரகசியம் 3. மூலம் 7 என்றால் ரகசியம் 8. விடை 12 மட்டும் தெரிந்திருந்தால் முதல் ரகசியம் 1 முதல் 12 வரை எதுவாகவும் இருக்கலாம். இப்போது அது 3×4 அல்லது 8×8 என்று இரண்டே சாத்தியங்களாகச் சுருங்கிவிட்டது. மட்டு 13க்குப் பதில் நூறு இலக்கப் பகா எண் எடுத்தாலும் இதே இரண்டுதான்.

இதற்கு மருந்து, மாறிலி உறுப்பு பூஜ்யமாகவும் மற்றக் கெழுக்கள் சமவாய்ப்பாகவும் உள்ள ஒரு 2த படிக் கோவையைக் கூட்டிய பிறகு வெளியிடுவது. டாம்கோரும் நீல்சனும் 2007இல் கொண்டுவந்த முறையின் உயிரும் ஏறத்தாழ இதே கருத்துதான். யாருக்கும் தெரியாத ஒரு சமவாய்ப்பு எண்ணை, படி த கொண்ட பங்குகளாகவும் படி 2த கொண்ட பங்குகளாகவும் முன்கூட்டியே இரட்டையாகத் தயாரித்து வைத்துக்கொள்கிறார்கள். பெருக்கல் வரும்போது 2த பங்கால் மறைத்து ஒரே சர்வருக்கு அனுப்ப, அது திறந்து எல்லோருக்கும் திருப்பிச் சொல்ல, ஒவ்வொருவரும் தம் த படிப் பங்கைக் கொண்டு மறைப்பை நீக்குகிறார்கள். மொத்தச் செய்திகள் ஆட்களின் வர்க்கத்துக்குப் பதில் ஆட்களின் எண்ணிக்கைக்கு விகிதமாக வளர்கின்றன. மூன்று பேருக்கு வித்தியாசம் பெரிதில்லை, நூறு பேருக்கு உயிர் போகும் வித்தியாசம்.

பீவர் 1991இல் தந்த மும்மைகளும் இதே இனம். தெரியாத இரண்டு சமவாய்ப்பு எண்களையும் அவற்றின் பெருக்கத்தையும் முன்பே பங்கிட்டு வைத்துவிட்டால், உண்மையான பெருக்கலின்போது இரண்டு வித்தியாசங்களைத் திறந்தால் போதும். இதில் இரண்டு இடங்களில் கை தவறும். திறந்த இரண்டு வித்தியாசங்களின் பெருக்கத்தைக் கடைசியில் கூட்ட வேண்டும்: ஷமீர் பங்குகளில் அதை எல்லோரும் கூட்டணும், வெறும் கூட்டல் பங்கீட்டில் ஒருவர் மட்டும். மூன்று பேரும் கூட்டினால் விடை அந்தப் பெருக்கத்தின் இருமடங்கு தள்ளிப்போகும். மற்றது, ஒரு மும்மையை இரண்டு முறை பயன்படுத்துவது. அப்போது திறந்த இரண்டு எண்களைக் கழித்தாலே இரண்டு ரகசியங்களின் வித்தியாசம் வெளியே வந்துவிடும். ஒரு முறை பயன்படுத்தியதும் அதை அழித்துவிடும்படி நிரலை எழுதுவதே நல்லது. கவனமாக இருப்போம் என்று விட்டால் என்றைக்காவது சறுக்கும்.

இரண்டே பேர் மட்டும் இருந்தால்? முடியாது, அதையும் எண்ணிக்கையாலேயே காட்டலாம். இருவரிடமும் ஆளுக்கு ஒரு பிட், இரண்டின் பெருக்கம் வேண்டும். இருவருக்கும் இடையே நடக்கும் முழு உரையாடலை எடுங்கள். அந்த உரையாடல் நடக்கும் நிகழ்தகவு இரண்டு எண்களின் பெருக்கமாகப் பிரியும்: ஒன்று முதலாமவரின் பிட்டை மட்டும் சார்ந்தது, மற்றது இரண்டாமவரின் பிட்டை மட்டும். முதலாமவரிடம் 0 இருந்தால் விடை எப்படியும் 0, எனவே இரண்டாமவரின் பிட் அவருக்குத் தெரியக்கூடாது. அப்படியென்றால் (0,0) என்ற நிலையில் நடக்கக்கூடிய ஒவ்வொரு உரையாடலுக்கும் இரண்டாமவரின் காரணி பிட் 0 ஆனாலும் 1 ஆனாலும் ஒன்றே. மறுபக்கமும் அதே நியாயம். இரண்டையும் சேர்த்தால் (1,1) நிலையில் நடக்கும் உரையாடல்களும் (0,0) நிலையில் நடப்பவையும் ஒரே பரவலில் வரும். ஆனால் ஒன்றில் விடை 1, மற்றதில் 0. முரண். கூட்டல் மாதிரியான எக்ஸாருக்கு இந்தத் தடை இல்லை, இரண்டு பிட்டைப் பெருக்கும் ஆண்ட் கேட்டுக்கு உண்டு. விலை பெருக்கலில்தான் என்பது வெறும் பொறியியல் அனுபவம் இல்லை, தேற்றமே அப்படித்தான் சொல்கிறது.

இதுவரை எல்லோரும் சொன்னபடி நடக்கிறார்கள், எட்டிப் பார்க்க மட்டும் ஆசைப்படுகிறார்கள் என்று வைத்துக்கொண்டோம். பொய் சொல்பவர்கள் வந்தால் கணக்கு மாறுகிறது. நான்கு சர்வர்கள், ஒரு பொய்யர். நம் முதல் ரகசியத்தின் பங்குகள் 5, 7, 9, 11. மூன்றாவது சர்வர் 9க்குப் பதில் 0 என்கிறது. மற்ற மூன்று மட்டுமே ஒரு நேர்கோட்டில் விழும், வேறு எந்த மூன்றும் விழாது. பொய்யர் அகப்பட்டார், பிழையும் திருத்தப்பட்டது. ரீட்-சாலமன் குறியீடு செய்வது இதைத்தான். மூன்றே சர்வர்கள் என்றால் எந்த இரண்டு புள்ளிகளும் ஒரு கோடு தரும். யார் பொய் என்று சொல்ல வழியில்லை. எனவே ந குறைந்தது 3த + 1.

ஆனால் பெருக்கிய பங்குகள் நான்குக்கும் இந்த வசதி கிடையாது. 6, 7, 2, 4 என்பவை இரண்டாம் படிக் கோவையின் மதிப்புகள். மூன்றாவது சர்வர் 2க்குப் பதில் 5 என்று சொன்னால் ஏதோ தப்பு என்று தெரியும். யார் என்று தெரியாது, ஏனெனில் யாரை ஒதுக்கினாலும் மிச்ச மூன்று புள்ளிகள் ஒரு இரண்டாம் படிக் கோவையில் பொருந்திவிடும். இதனால்தான் 1988 முறையின் இந்தப் பகுதி அவ்வளவு சிக்கலாக இருக்கிறது. இருமாறிக் கோவையைக் கொண்டு பங்கிட்டு, ஒவ்வொரு இருவரும் தங்கள் குறுக்குப் புள்ளிகளை ஒப்பிட்டு, பெருக்கிய பங்கு சரியானதுதான் என்று ஒவ்வொருவரும் நிரூபித்துக் காட்ட வேண்டும். அதன் முழு நிரூபணத்தை அஷரோவும் லிண்டெலும் எழுதி முடித்து 2011இல் வெளியிட்டார்கள். ஜர்னலில் வந்தது 2017இல். பொய்யர்கள் நான்கில் ஒரு பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடைப்பட்ட நிலைக்கு அவர்கள் ஒரு புதிய படியையே சேர்க்க வேண்டியிருந்தது. எல்லோரும் மேற்கோள் காட்டிக்கொண்டிருந்த தேற்றத்துக்கு முழு நிரூபணம் வர இருபது வருஷத்துக்கு மேல்!

பொய்யர்கள் பாதிக்குக் குறைவு என்ற அளவுக்குப் போக வேண்டுமென்றால் பிழை வாய்ப்பு துளியும் இல்லை என்ற சொகுசை விட்டுவிட வேண்டும். தால் ராபினும் பென்-ஓரும் 1989இல் காட்டிய வழி அது. எல்லோருக்கும் ஒரே செய்தி போய்ச் சேரும் ஒலிபரப்பு வசதியும் வேண்டும். இந்த நிலையில் வழக்கமாகப் பயன்படும் கருவி ஒரு சரிபார்ப்பு முத்திரை: சரிபார்ப்பவரிடம் இரண்டு ரகசிய எண்கள், முத்திரை என்பது பங்கை முதல் எண்ணால் பெருக்கி இரண்டாவதைக் கூட்டியது. பங்கை மாற்றிவிட்டு முத்திரையை ஊகித்துப் போட வெற்றி வாய்ப்பு களத்தின் (அதாவது மட்டு எண்ணின்) அளவில் ஒன்று. மட்டு 13இல் அது 13இல் ஒன்று, எதற்கும் உதவாது. 2இன் 61ஆம் அடுக்கிலிருந்து ஒன்று குறைத்தால் வரும் பகா எண்ணில் கவலை இல்லை, 64 பிட் கணினியில் வேகமாகவும் ஓடும்.

இனி ஏட்டுக்கு வெளியே. டென்மார்க்கில் 2008 ஜனவரியில் சர்க்கரைப் பீட்ரூட் ஒப்பந்தங்களுக்கு நடந்த ஏலம் இந்த முறையின் முதல் பெரிய பயன்பாடு. சுமார் 1200 விவசாயிகள், மூன்று சர்வர்கள்: ஒன்று டானிஸ்கோ சர்க்கரை நிறுவனத்திடம், ஒன்று விவசாயிகள் சங்கத்திடம், ஒன்று ஆராய்ச்சிக் குழுவிடம். கைமாறிய உரிமை சுமார் 25,000 டன். ஒவ்வொரு விலையிலும் எவ்வளவு வாங்குவேன், விற்பேன் என்று விவசாயி சொல்கிறார். மொத்தத் தேவை விலையோடு இறங்கும், மொத்த வரத்து ஏறும், ஆகவே சந்தை விலையைக் கண்டுபிடிக்கப் பாதிபாதியாக வெட்டித் தேடினால் போதும். ரகசிய எண்களை ஒப்பிடும் வேலை ஒரு சில தடவைதான். ஒப்பீடு ஏன் கஷ்டம் என்றால், மட்டுக் கணக்கில் பெரிது, சிறிது என்பதே கிடையாது. எண்ணைப் பிட் பிட்டாகப் பிரித்தாக வேண்டும், ஒவ்வொரு பிட்டுக்கும் பெருக்கல்கள் செலவாகும். கூட்டலும் பெருக்கலும் மட்டும் என்றால் இடையில் எண் பகா எண்ணைத் தாண்டிச் சுற்றினாலும் இறுதி விடை உள்ளே அடங்கினால் போதும். ஒப்பீடு வரும் இடத்தில் ஒருமுறை சுற்றினாலும் விடை குப்பை.

அந்த ஏலத்தில் விவசாயிகளின் எண்கள் சர்வர்களுக்குப் போனது பொதுச் சாவி மறையாக்கத்தில். அதாவது தேற்றத்தில் "இருவர் இருவருக்கு இடையே தனிப்பாதை உண்டு" என்று ஒரு வரியில் போகும் அனுமானம், நடைமுறையில் வழக்கமான கணிப்பு அனுமானமாக மாறிவிடுகிறது. டிஎல்எஸ் என்ற வழக்கமான இணைய மறையாக்க நெறிமுறையின் மேல் ஓடும் எந்த அமைப்புக்கும் இது பொருந்தும். மூன்று பேர் முறையில் 2016இல் அராக்கி குழு நொடிக்கு 700 கோடி ஆண்ட் கேட்டுகளுக்கு மேல் எட்டியதும் இப்படியே. அவ்வளவு வேகத்துக்குத் தேவையான சமவாய்ப்பு எண்களை முன்பகிர்ந்த சாவியிலிருந்து போலிச் சமவாய்ப்பாக உருவாக்கிக்கொண்டார்கள். இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் விளம்பரத் தாளில் "க்வாண்டம் கணினியாலும் உடைக்க முடியாது" என்று இருந்தால், பாதை எதில் மறைக்கப்பட்டிருக்கிறது, சமவாய்ப்பு எண் எங்கிருந்து வருகிறது என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டுவிட வேண்டும். மூன்று சர்வர்களும் ஒரே மேகக் கணக்கில், ஒரே நிர்வாகியின் கடவுச்சொல்லின்கீழ் இருந்தால் மூன்றாவது கேள்வியும் உண்டு.

பாதை விஷயத்தில் ஒரு சென்னைத் தொடர்பு இருக்கிறது. இருவருக்கிடையே ந கம்பிகள், அதில் த கம்பிகள் எதிராளி வசம். எந்த அனுமானமும் இல்லாமல் ரகசியமாகவும் பிழையின்றியும் செய்தி அனுப்ப முடியுமா? டோலெவ், ட்வொர்க், வார்ட்ஸ், யங் நால்வரும் காட்டிய விடை: ஒரே திசையில் ஒரே சுற்று என்றால் 3த + 1 கம்பிகள் வேண்டும், திரும்பிப் பேசலாம் என்றால் 2த + 1 போதும். அந்தக் குறைந்தபட்சக் கம்பிகளோடு இரண்டு சுற்றில் அனுப்பினால் செய்தி நீளத்தைப் போல ஏறத்தாழ ந மடங்கு அனுப்பியே ஆக வேண்டும் என்ற கீழ்வரம்பை 2004 க்ரிப்டோ மாநாட்டில் தந்தது ஐஐடி மெட்ராஸில் பாண்டு ரங்கன் குழுவின் கட்டுரை, ஸ்ரீநாதன், அர்விந்த் நாராயணன் இருவரோடு. இன்று பெங்களூரில் இதே துறையில் தொடரும் அர்பிதா பத்ரா, ஆஷிஷ் சௌத்ரி இருவரும் அங்கேதான் முனைவர் பட்டம் பெற்றார்கள்.

சுற்றுகளின் எண்ணிக்கை இன்னும் தீராத வழக்கு. மேலே சொன்ன முறையில் பெருக்கல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக எத்தனை அடுக்கு இருக்கிறதோ அத்தனை சுற்று. ஒரு சுற்றுக்கு 40 மில்லி நொடி ஆகும் இணைப்பில் நூறு அடுக்கு என்றால் நான்கு நொடி, கணினி எவ்வளவு வேகமானாலும். ஆழம் குறைந்த சர்க்யூட்டுகளுக்கு, அதாவது பெருக்கல் அடுக்குகள் குறைவான கணக்குகளுக்கு, மாறாத எண்ணிக்கையில் சுற்றுகள் போதும் என்பது பார்-இலான், பீவர் இருவரின் 1989 கட்டுரையிலிருந்தே தெரியும். 2018இல் அது இரண்டே சுற்றுக்கு வந்துவிட்டது. எல்லாச் சர்க்யூட்டுகளுக்கும் நியாயமான செலவில் முடியுமா என்பது திறந்த கேள்வி.

செய்திகளின் மொத்த அளவில் நிலைமை இன்னும் விசித்திரம். ஆளுக்கு எல்லையற்ற கணக்கிடும் திறன் கொடுத்துவிட்டு, பேசும் பிட்களை மட்டும் எண்ணினால், சர்க்யூட்டின் அளவுக்குப் பேசித்தான் ஆக வேண்டுமா? சார்பின் முழு அட்டவணையையும் ஒரு தரவுத்தளமாக எண்ணினால், கேள்வி வேறொரு உருவம் எடுக்கிறது: எந்த வரியைப் படிக்கிறோம் என்று சர்வருக்குத் தெரியாமல் ஒரு வரியைப் படிப்பது. ஒரே சர்வர் என்றால் முழுத் தரவையும் இறக்கித்தான் ஆக வேண்டும். இரண்டு சர்வர்கள் இருந்தால் தரவு அளவின் கனமூலம் போதும் என்று சோர், கோல்ட்ரைக், குஷிலேவிட்ஸ், சூடான் 1995இல் காட்டினார்கள். நூறு கோடி பிட்டுக்கு ஆயிரம் என்ற அளவு. இருபது வருடம் அந்தக் கனமூலம் அசையவில்லை. 2015இல் ட்விரும் கோபியும் அதை எந்த அடுக்கையும்விட மெதுவாக வளரும் அளவுக்கு இறக்கினார்கள். அதற்கு முந்தைய வருடம் பைமல், இஷாய், குமரேசன், குஷிலேவிட்ஸ் நால்வரும், உள்ளீடு மொத்தம் ந பிட் என்றால் எந்தச் சார்புக்கும் ஏறத்தாழ 2இன் √ந அடுக்கு பிட்கள் பேசினால் போதும் என்று காட்டியிருந்தார்கள். கீழ்வரம்பு இதன் பக்கத்தில்கூட வரவில்லை. வராததற்குக் காரணமும் உண்டு: அப்படியொரு கீழ்வரம்பை நிரூபிப்பது, ரகசியமாகப் படிக்கும் இந்தப் பிரச்சினைக்கே கீழ்வரம்பு நிரூபிப்பதாக முடியும் என்று இஷாயும் குஷிலேவிட்ஸும் 2004லேயே இணைத்துக் காட்டிவிட்டார்கள், அங்கே தெரிந்திருக்கும் கீழ்வரம்புகள் மடக்கை அளவைத் தாண்டவில்லை.